கெட்டுப்போகாத ஜாம்

கடைத்தெருவில் அவரைச் சாவிக்காரர் என்றால்தான் தெரியும். ஒருவர் உட்கார்ந்தால் வந்தவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும், அத்தனை சின்னக் கடை. வீடு பின்சந்தில், மாடியில். அறை ஒன்று, சமையலறை ஒன்று. மகனுக்குக் குழந்தை பிறந்தபோது ஒத்தாசைக்கு என்று வெளியூர் போன மனைவி, குழந்தை தவழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. இருந்திருந்தாலாவது சமாதானம் பேச ஒரு நடை போயிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள். இவர் ஆமாம் சொல்லி முடிப்பதற்குள் பேரன் போனைப் பிடுங்கிவிடுவான். அதோடு அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்தது.

இந்த வருஷம் மாம்பழம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருமுனைத் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து, கண்ணை நம்பி வயிற்றைக் கேட்காமல் ஒரு கூடை வாங்கிவிட்டார். ஒண்டி ஆள் எவ்வளவுதான் தின்பார்? பழமெல்லாம் ஒரே நேரத்தில் கனிந்து, கதவைத் திறந்தாலே வாசனை ஆளைத் தள்ளியது. ஒரு மத்தியானம் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல. நீ மாம்பழ ஜாம் பண்ணுவியே, அது எப்படி?"

அவள் குரலே மாறிப்போனது. நார்ப் பழம் ஆகாது, சர்க்கரையை மொத்தமாகக் கொட்டக் கூடாது, கையை எடுக்காமல் கிண்ட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். இவர் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு கிண்டினார். பதம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது என்றாள். வருஷா வருஷம் அவள் பக்கத்தில் நின்று தோல் சீவிக் கொடுத்தவருக்கு அது தெரியாதா என்ன? இருந்தாலும் எலுமிச்சை எப்போது பிழிவது, பாட்டிலை எப்படிக் காயவைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் அலுக்காமல் சொன்னாள்.

ஜாம் பொன்னாக வந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு பழையபடி சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஜாம் கெட்டுப்போச்சு. பூஞ்சை பிடிச்சிடுச்சு" என்றார்.

நான் வந்து போட்டுத் தருகிறேன் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தார். "அடடா. போகட்டும், கடையில ஒரு பாட்டில் வாங்கிக்குங்க" என்றாள் அவள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்கோ மூன்று வேளையும் ரொட்டியும் ஜாமும்தான். தின்று மாளாமல் எதிர்க்கடைத் தையல்காரருக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். அங்கேதான் தப்புச் செய்தார். தையல்காரர் மனைவியும் இவர் மனைவியும் போனில் பேசிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வேலை நாளில் கடைக்குப் போன் வந்தது.

"தையல்காரர் வீட்டு அக்கா பேசினாங்க. உங்க ஜாம் தேனாட்டம் இருந்துச்சாம்."

இவர் கையிலிருந்த சாவியை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். தேய்க்க வேண்டிய இடம் அது இல்லை. சாவி பாழ்.

"ஏங்க பொய் சொன்னீங்க?"

"நீ வருவேன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"

"தெரியும்மா."

"எனக்கும்தான் இங்க பகல் பூரா பேச ஆள் இல்ல" என்றாள்.

அவருக்கு அது தெரியாது. மகன், மருமகள், பேரன் என்று வீடு நிறைய ஆட்களோடு இருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கடைசி லோடு பழம் வண்டியில் வந்திருக்கிறது என்றார். அப்படியென்றால் வாங்குங்கள், இங்கேயும் வாங்குகிறேன் என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவர் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். அங்கே ஓர் அடுப்பு, இங்கே ஓர் அடுப்பு. பாதி நேரம் பேசினார்கள். மீதி நேரம் கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தத்தை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜாம் பதத்துக்கு வரும் முன்பே பேரனின் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அவர் தனியாகக் கிண்டி இறக்கி, தனியாகப் பாட்டிலில் நிரப்பினார்.

அதற்கடுத்த வாரம் வண்டியில் கொய்யாதான் இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து போன் போட்டார். என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார். அவள் இருங்கள் என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.