தசமபாகத்துக்கு ரசீது உண்டா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். சபையில் யாராவது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உடனே விடாமல் இருந்தால், அது மார்ச் மாதம் என்று அர்த்தம். வருமான வரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கு வந்த பிறகும் இது ஓயவில்லை. கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் முழங்கால் வலியைச் சொல்வார்கள் இல்லையா? என்னிடம் வரியைச் சொல்வார்கள்.

இந்த முறை கையைப் பிடித்தவர் தானியேல். ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். சீசன் நன்றாக இருந்தது; ஆகவே வரியும் நன்றாகவே இருந்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக ஆண்டவருக்கு என்று ஒதுக்கிவிடுவது அவர் வழக்கம். இந்த வருஷமும் ஒதுக்கியாகிவிட்டது. மார்ச் முடிவதற்குள் அதை எங்கே கொடுத்தால் வரி குறையும்?

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் கேட்டார். "ஏனுங்க சார், தசமபாகம் வரிக்கு முந்தின வருமானத்துலீங்களா, வரி போக மிச்சத்துலீங்களா?"

என் சர்வீஸில் எந்தச் சுற்றறிக்கையும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. போதகரைக் கேளுங்கள் என்றேன். கேட்டாராம். மனச்சாட்சியைக் கேளுங்கள் என்றாராம் அவர். மனச்சாட்சி என்னிடம் அனுப்பிவிட்டது போலிருக்கிறது — ஆடிட்டர் என்றால் ஃபீஸ் கேட்பார்.

எனக்கு வெகுநாளாக ஓர் ஆச்சரியம் உண்டு. நன்கொடைக்கு விலக்கு தரும் அரசாங்கமும் மொத்த வருமானத்தில் பத்தில் ஒன்று என்றுதான் எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள்ளும் கொடுத்ததில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்கலாம். இந்தப் பத்தில் ஒன்றை எங்கிருந்து பிடித்தார்கள்? டெல்லியில் யாரோ பழைய ஏற்பாட்டை மேஜையில் வைத்துக்கொண்டு எழுதினார்களோ...

தானியேல் முதலில் வாழவந்தி சிற்றாலயத்தின் கூரை வேலையைச் சொன்னார். ஒரு மதத்தாருக்கு மட்டும் பயன்படுவதற்கு விலக்கில்லை என்றேன். அனாதை விடுதிக்குக் கம்பளி? பொருளாகக் கொடுத்தால் விலக்கில்லை. அவர் முகம் சுருங்கியது. அப்புறம்தான் மனதில் இருந்ததை வெளியே எடுத்தார்.

லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் சரோஜா செம்மநத்தத்துக்காரர். அவர் கணவர் மாரிக்கு எஸ்டேட்டில் காப்பி மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அங்கே ஏழை நோயாளிகள் நிதி ஒன்று இருக்கிறது. அதற்கு வரிவிலக்கும் உண்டு. நிதிக்குப் பணம் கொடுத்து, இது மாரிக்கு என்று சொல்லிவிட்டால் ரசீதும் ஆயிற்று, ஆபரேஷனும் ஆயிற்று இல்லையா?

அழகான யோசனை. சர்வீஸில் இருந்தபோது இப்படி அழகான யோசனைகளைத்தான் சிவப்பு மையால் அடிப்பேன்.

பெயர் சொல்லிக் கொடுத்தால் அது பில் கட்டுவது என்றேன். பெயர் சொல்லாமல் கொடுத்தால்தான் நன்கொடை. ஆனால் அப்படிக் கொடுத்துவிட்டால், யாருக்கு முதலில் என்பதை ஆஸ்பத்திரிதான் முடிவு செய்யும். மாரிக்கு முன்னால் எத்தனை பேரோ?

"அப்ப ரசீது வேணும்னா மாரிய மறந்துரோணுமுங்களா?"

சட்டம் அப்படி எழுதவில்லை. எழுதாமலே அதைச் சொல்கிறது.

ஜீப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மெர்சி இறங்கி வந்தார். வருஷா வருஷம் இந்தக் கணக்கைக் கேட்டுச் சலித்தவர்.

"ஏனுங்க, கட்டற வரியக் கட்டிப்போட்டு, மாரிக்குக் குடுக்கறத மாரிக்குக் குடுங்களேன். நம்ம லாட்ஜுல தங்கிட்டுப் போறவன் வாடகையில கொஞ்சம் திருப்பிக் குடுன்னா உடுவீங்களா? ஆண்டவருகிட்ட மட்டும் கேக்கறீங்க."

தானியேல் என்னைப் பார்த்தார். என் காணிக்கையைப் பிப்ரவரியிலேயே விலக்குள்ள இடமாகப் பார்த்து அனுப்பி, ரசீதையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தேன். குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தேன்.

புதன்கிழமை மாரியையும் சரோஜாவையும் தானியேலே ஜீப்பில் சேலத்துக்கு அழைத்துப் போனார். மாரி பெயரிலேயே பணம் கட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி மூட்டை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், மாரிக்கு லாட்ஜிலேயே தோட்ட வேலை என்று மெர்சி ஏற்பாடு செய்துவிட்டார். அதற்கும் ரசீது கிடையாது. யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

நேற்று தானியேல் என் வீட்டுக்கு வந்தார். முழு வரியையும் கட்டியாகிவிட்டதாம். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சார், விலக்கு இல்லாம இந்த வருசம் சேர்த்துக் கட்டுன வரி இருக்குதுங்களே... அதை அடுத்த வருசத் தசமபாகத்துல கழிச்சுக்கலாமுங்களா?"

வருமான வரி இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை, மெர்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றேன். இதுவரை அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.