தந்தப் பிடி

மஸ்கட்டிலிருந்து மாமா, என் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டுக்கே ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. லெப்பைக்குடிக்காட்டில் சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர், வந்த வீடென்றால் தைலமும் சென்ட்டும் தெருமுனை வரை மணக்கும். மாமாவின் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு வளைந்த கத்திதான் முதலில் வெளியே வந்தது. பதினோரு வருடம் காரோட்டியதற்காக அரபி முதலாளி தன் கையாலேயே அதை அவர் இடுப்பில் செருகி விட்டாராம்.

"பிடியப் பாருங்க மச்சான், யானைத் தந்தம்" என்று என் அப்பாவிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அத்தாவுக்குப் பெரம்பலூரில் ஜவுளிக்கடை. எதையும் தடவிப் பார்த்துத்தான் நம்புவார். "போலியாவும் இருக்கலாம் மாப்ள" என்றார். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. கை கழுவி வருவதாகச் சொல்லிக் கொல்லைப் பக்கம் போனார்.

இதைத் தீர்க்க எனக்கு வழி தெரியும். பள்ளிக்கூட வாசலில் கொம்புச் சீப்பு விற்பவர், சுட்ட ஊசியைச் சீப்பில் வைத்து முகரச் சொல்வார். மிருகத்திலிருந்து வந்த பொருள் என்றால் முடி கருகும் வாடை அடிக்கும். யாரையும் கேட்காமல் அடுப்பில் ஊசியைக் காய்ச்சி, துணியால் பிடித்து வந்து பிடியின் அடியில் வைத்தேன். பொசுக்கென்று உள்ளே இறங்கியது. எங்கள் வாளி அடுப்போரம் உருகிய அன்று வந்த அதே வாடை.

அத்தா கத்தியைப் பிடுங்கி முகர்ந்தார். மாமா உள்ளே வந்தார்.

"தந்தமேதான் மாப்ள. புள்ள ஊசி வச்சுப் பாத்துச்சு, முடி கருகுற வாடை. நாந்தான் தப்பா சொல்லிட்டேன்."

"இல்லத்தா, வாளி..."

"போ, போய்ப் படி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரை டிக்கெட்டுக்காகப் பஸ்ஸில் என் வயதைக் குறைத்துச் சொன்னதற்காக அம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் அத்தா.

மறுநாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நேத்து என்ன வாடை வந்துச்சு? சரியா சொல்லும்மா."

ஒருவராவது உண்மையைக் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில், "பிளாஸ்டிக்கு" என்றேன்.

ஊசித் துளையைக் கட்டைவிரலால் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும்னு ஒங்க அத்தாகிட்ட சொல்லிடாத" என்றார்.

அன்று மாலை அத்தா கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். கத்தி அதற்குள் வைக்கப்பட்டு, கூடத்துச் சுவரில் ஏறியது. வந்தவர்களுக்கெல்லாம் அத்தாவே, "யானைத் தந்தம்" என்று காட்டினார். மாமா பக்கத்தில் நின்று தலையாட்டினார். இருவருக்கும் தெரிந்த ஒன்றை யாரிடமிருந்து ஒளிக்கிறார்கள் என்று புரியாமல், நான் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.