பம்பரம் போட்ட பச்சை

நகராட்சியில் அந்த ஓவர்சியரம்மாவுக்குப் பம்பரம் என்று பெயர். கால் தரையில் பாவாது. டீயைக்கூட நின்றபடியே குடித்து, ஆறுவதற்குள் நாக்கைச் சுட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவள் கையில் போய் ஒரு செயலியைக் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்!

செல்போனில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். வேலை நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் மஞ்சள், நிறுத்தினால் சிவப்பு. படம் எடுத்துப் போட்டால்தான் நடந்ததாகக் கணக்கு. கால்வாயின் மேல் சின்னப் பாலத்துக்குக் கான்கிரீட் கொட்டினார்கள், பிடித்தது சனி. கொட்டிய கான்கிரீட் அடியில் முட்டுகள் தாங்க, மேலே தண்ணீர் நிற்க, சும்மா கிடந்து இறுக வேண்டும். சும்மா கிடப்பதும் வேலைதான் என்று செயலிக்கு யார் சொல்வது? தண்ணீரைப் படம் எடுத்துப் போட்டாள். 'முன்பே வந்த படம்' என்று திருப்பியது. மறுநாள் பக்கத்தில் வாளியை வைத்து எடுத்தாள். அப்புறம் தன் செருப்பை. அப்புறம் ஒரு நாய் தானாகவே வந்து நின்றது. கட்டம் மட்டும் மஞ்சளிலேயே நின்றது.

"என்னம்மா, பாலத்துக்கு நாய்தான் காவலா?" என்று போனில் சிரித்தார் பெரிய என்ஜினியர். "கமிஷனர் ரிவ்யூ வருது. உன் லிஸ்ட்ல இது ஒண்ணுதான் மஞ்சளா இளிக்குது, பார்த்துக்கோ."

அந்த மஞ்சள் அவளைச் சாப்பிடவிடவில்லை. கடைசியில் எரிச்சலோடு 'முட்டு பிரித்தாயிற்று' என்று தட்டிவிட்டாள். எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம்! பச்சை வந்தது. சோறும் இறங்கியது.

ரிவ்யூ அன்று காலை மகளுக்கு ஒரு பக்கம் சடை பின்னி முடித்திருந்தாள்.

"மெதுவாப் பின்னும்மா. ஸ்கூல் வேன் இனிமே சுத்தி வராதாம், புதுப் பாலம் வழியாவாம்."

"யாரு சொன்னா?"

"வேன் அண்ணனுக்கு நகராட்சி ஆப்ல இருந்து மெசேஜ் வந்துச்சாம், பாலம் திறந்தாச்சுன்னு."

வேன் இங்கே வருவதற்குள் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டியாக வேண்டும். சீப்பைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பாலத்தில் தடுப்பு இல்லை. பாதி முட்டுகள் கழன்று லாரியில் கிடந்தன.

"யாரு மேஸ்திரி கழட்டச் சொன்னது?"

"நீங்கதானேம்மா! கழட்டியாச்சுன்னு ஆப்லயே வந்துடுச்சு. இன்னும் ஏன் கழட்டலன்னு கண்ட்ராக்டர் கத்துறாரு."

அதற்குள் தெருமுனையில் வேன் திரும்பியது. பாலத்துக்கு முன்னால் ஓடிப்போய்க் கைகளை விரித்து நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது.

"என்னக்கா, பச்சை காட்டுதே!"

"அந்தப் பச்சையப் போட்டதே நான்தான்டா! பின்னால எடு!"

ஜன்னலில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கையாட்டின. ஐயோ, கொஞ்சம் பிந்தியிருந்தால்!

முட்டுகளைத் திரும்ப நிறுத்தச் சொன்னாள். தடுப்பை இழுத்துப் போட்டாள். செல்போனில் சிவப்பை அழுத்தினாள். காரணம் கேட்டது. 'பாலம் இறுகவில்லை. அவசரப்பட்டது நான்' என்று எழுதினாள்.

உடனே பெரிய என்ஜினியர் அழைத்தார். "கமிஷனர் உட்கார்ந்தாச்சு, இப்பப் போய் சிவப்பா? தடுப்பு இருக்குல்ல, சாயங்காலம் வரைக்கும் பச்சையா வை."

"பச்சைய நம்பி இன்னொரு வண்டி வரும் சார். மாத்த மாட்டேன்."

"உன் வேலைக்கே உலை வச்சுக்கிறே."

"தெரியும் சார்."

வாளியைக் கவிழ்த்து, தடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மகள் நடந்து வந்தாள், ஒரு பக்கம் சடை, மறுபக்கம் விரித்த தலை.

"இப்படியேவா ஸ்கூலுக்குப் போவேன்? நீ ஆபீசுக்கு ஓடலையா?"

"இல்லடி. இங்கதான் இருக்கணும். உட்காரு."

மடியில் செல்போன் மறுபடி அடித்தது. திரையில் பெரிய என்ஜினியரின் பெயர். அவளுடைய இரண்டு கையிலும் முடி இருந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் அடிவரைக்கும் பின்னினாள்.