மலையில் இரண்டு கோடுகள்

நனைந்த பாறையின் வாசமும் வாட்டிய வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றின் வாசமும் சேர்ந்து வந்தால் எனக்கு அது ஆடி மாதம். கோவிந்தாபுரத்தில் எங்கள் வாசலில் நின்றால் தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர் மாதிரி தெரியும். மழை பிடித்துவிட்டால் அந்தச் சுவரில் அருவிகள் வெள்ளை வெள்ளையாக இறங்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கோடு". ஒரு கோடு தெரிந்தால் பொறுக்க வேண்டும். இரண்டு தெரிந்தால் அப்பா காய்கறி மண்டியைப் பூட்டிவிட்டு, எங்களை அருவிக் குளியலுக்குக் கூட்டிப் போக ஜீப் பிடிப்பார். வருஷத்தில் அவர் மண்டியைப் பூட்டுவது அந்த ஒரு நாள்தான். இடுக்கித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குளிரோடு வளர்ந்து, கல்யாணமாகி இந்தச் சூட்டுக்கு இறங்கி வந்த அம்மா, அந்த ஒரு நாள் குளியலை நம்பித்தான் மிச்ச நாள் வெயிலையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஆடி முடியப்போகிற ஒரு காலையில் அப்பா வாசலிலிருந்து, "ஏம்புள்ள, கோடு ரெண்டு உழுந்துருச்சு, சோத்தக் கட்டு" என்றார். அம்மா அடுப்பு மூட்டிய வேகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. கொல்லங்கோடு தாண்டி, ஜீப்பை விட்டிறங்கி, தூக்குவாளியோடு கல்லிலும் வேரிலும் ஏறிப் போய்ப் பார்த்தால், அருவி இருக்க வேண்டிய இடத்தில் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா கண்டது மலையில் ஒட்டிக் கிடந்த மேகத்தை.

"மேகத்தப் பாத்துப்போட்டு எங்கள முள்ளுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டயேடா" என்று கூட வந்திருந்த அப்பாவின் அக்கா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு போய் அந்த ஒழுக்குக்கு நேராகத் தலையைக் கொடுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"எங்க லயத்துக் குழாய்லயே இதவிட நல்லா வரும். ஆனா சில்லுன்னுதான் இருக்கு. வாங்க மதினி, வந்ததுக்குத் தலையாவது நனையட்டும்."

வரிசையில் நின்று ஒவ்வொரு தலையாக நனைத்தோம். கடைசியாக அப்பா குனிந்தபோது, அம்மாவே அவர் உச்சந்தலையைப் பிடித்து ஒழுக்குக்கு நேராக வைத்தாள். அன்றைய புளிச்சோற்றில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இப்போது அருவியில் தண்ணீர் உண்டா என்று கைப்பேசி சொல்லிவிடுகிறது. வாசலில் நின்று மலையைப் பார்ப்பவர்கள் எங்கள் தெருவில் இல்லை. அப்பாவுக்கும் கண் மங்கி மலை தெரிவதில்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், "கோடு தெரியுதா புள்ள?" என்று கேட்டார். அம்மா நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு இருக்குங்க" என்றாள்.

நானும் பார்த்தேன், மேகந்தான். உள்ளே போய்ப் புளியை ஊறப்போட்டுவிட்டு, காரைத் துடைக்கப் போனேன்.