நான் போகாத கிராம சபைகள்

கடலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களைச் சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்து மேலே ஊற்றிக்கொள்வார்களோ என்ற பயம். என் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. வாசலில் நின்ற பெண் போலீஸ் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"என்னா தண்ணி இது?"

"எங்க ஊரு போர்த் தண்ணிம்மா. உப்பு. கலெக்டருக்குக் காட்ட எடுத்தாந்தேன்."

"மனு எங்க?"

"வாயால சொல்லலாம்னு..."

"வாயால சொன்னா யாரு கேப்பாங்க? வெளிய எழுதித் தருவாங்க, எழுதிக்கிட்டு வா."

மதில் ஓரம் மடியில் பலகை வைத்து மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது அதிகமில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரம் எங்கள் ஊர். எங்கே போர் போட்டாலும் உப்பு. வெளியூரிலிருந்து ஏற்றும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மற்ற தெருக்களுக்கு வரும், அவர்களுக்கே போதாது. கடைசித் தெருக் குழாயில் காற்று மட்டும் வரும். அந்தத் தெருவுக்கு ஒரே நல்ல தண்ணீர், பின்னால் இருக்கிற குட்டை. என் அக்கா அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். அவளுக்கு முட்டி போய்விட்டது. குட்டை வரைக்கும் ஒரு குடத்தோடு போய்வருவாள், அதற்குமேல் நடக்க முடியாது. குட்டையைத் தூர்த்துவிட்டால் அடுத்த நல்ல தண்ணீர் இரண்டு கிலோமீட்டர். நான் நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது குட்டையைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தார்கள். கிராம சபைத் தீர்மானம் ஆகிவிட்டது, சமுதாயக் கூடம் வரப்போகிறது என்றார்கள்.

தீர்மானத்தின் நகலை ஊராட்சி செயலாளரிடம் கேட்டேன். இழுத்தடிப்பார் என்று நினைத்தேன். "ஒனக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப்போறேன்" என்று சிரித்துக்கொண்டே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு அப்போது எனக்கு விளங்கவில்லை.

மனு எழுதும் அம்மா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். சொன்னேன். எழுதிய கை நின்றுவிட்டது. நான் கொடுத்திருந்த ஜெராக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு மேல மனு குடுக்குறீங்க?"

"ஊராட்சி மேலதான்."

"இதப் படிச்சீங்களா?"

"பாதி படிச்சேன். பொடி எழுத்து."

அவர் விரல் வைத்துப் படித்தார். மேற்படி குட்டை பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லை என்றும், அதைத் தூர்த்துச் சமுதாயக் கூடம் கட்டலாம் என்றும் கேட்டுக்கொண்டு முன்மொழிந்தவர்... அடுத்து என் பெயர், என் அப்பா பெயர், என் தெரு. சபை ஏகமனதாக ஏற்றது. "சொன்னதே நீங்கதாங்க" என்றார்.

அது போன வருஷம் மே ஒன்றாம் தேதி நடந்த சபை. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்பது நன்றாக நினைவிருந்தது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை வறுத்தேன், சிப்காட் பக்கத்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்குமேல் கால் தரிக்காது. போன மே மாதம் திட்டக்குடிப் பக்கம் கிணறு தூர் வாரும் ஆட்களோடு இருந்தேன். ஒன்றாம் தேதி முழுக்க முப்பதடி ஆழத்தில் நின்று சேற்றை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

"நான் அங்க இல்லவே இல்லைங்க" என்றேன்.

"இங்க குடுத்தா விசாரணைக்கு உங்க ஊருக்குத்தான் அனுப்புவாங்க. ஒரு சபை போட்டத அந்தச் சபையே மாத்தலாம். அடுத்த கூட்டம் எப்ப?"

"இருபத்திரெண்டாந் தேதி. தண்ணி தினமாம்."

"அங்க எந்திரிச்சு நில்லுங்க. முழுசா படிக்கச் சொல்லுங்க. கையத் தூக்கவெச்சு எண்ணச் சொல்லுங்க. எண்ணனத எழுதச் சொல்லுங்க."

சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். பாட்டில் தண்ணீரை வழியில் ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

ஊரில் இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரன் என்னோடு படித்தவன், முறைக்கு மச்சான்.

"போன மே மாசம் கூட்டத்துக்கு நீ போனியா மச்சான்?"

"போனேனே. நீ பேசனியே, அந்தக் கூட்டந்தான."

"நான் பேசனனா?"

"குட்டைய மூடிடலாம்னு சொன்ன. கைய கட்டிக்கிட்டு நின்ன. எனக்கே கோவம். அக்கா தண்ணி எடுக்குற எடத்த இவனே மூடச் சொல்றானேன்னு."

விளையாடுகிறானா என்று பார்த்தேன். அவன் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "சட்டையெல்லாம் வேற ஒரே சேறு. எந்தக் குழியில உழுந்து எந்திரிச்சு வர்றன்னு கேட்டேன். நீ சேத்தத் தட்டிவிட்டுக்கிட்டே போயிட்ட."

கிணற்று வேலையை நான் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அக்காவிடம்கூட. டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெராக்ஸை நீட்டினேன். கடைசியில் இருந்த கையெழுத்துகளில் என் பெயருக்கு நேரே இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். அவள் கீரையிலேயே கண்ணாக இருந்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

கூட்டம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து நோட்டை வீடு வீடாகக் கொண்டுவருவார்களாம். இத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். கையெழுத்து இல்லாதவர்கள் பெயரை ரேஷன் கார்டிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று யாரோ தெருவில் சொல்லியிருக்கிறார்கள். தெருவே அதை நம்பியிருக்கிறது. வெளியூர் போன புருஷனுக்குப் பெண்டாட்டி போட்டாள், மகனுக்கு அம்மா போட்டாள்.

"நாலு வருஷமாவா?"

"ஒண்ணு விடல. பேரு போயிட்டா நீ வந்து எங்கடா நிப்ப?"

"பேசனது யாருக்கா?"

"அது எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துதான் போட்டேன்."

அந்தக் கையெழுத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் கையெழுத்து என்று போடுவது, பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதுவதுதான். இது ஒரே இழுப்பில் ஓடி, அடியில் கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்து முடிந்திருந்தது. படிப்பை முடித்து, ஒரே ஊரில் இருந்து, நாலு பேர் மதிக்கிற ஒருத்தன் போட்ட மாதிரி. நாலு வருஷமாக அவன் ஒரு கூட்டம்கூடத் தவறவில்லை.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "முன்மொழிய ஒரு பேரு வேணும்பா. ஒன் கையெழுத்து அழகா இருந்துது, எழுதிட்டேன்" என்றார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "நான் வரலன்னு நீ எழுதிக் குடுத்தின்னா, போட்டது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அக்காவத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்புடுவாங்க. யோசிச்சுக்க."

அவர் மிரட்டியதாக நினைக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். நான் இல்லை என்றால் அக்கா மாட்டுவாள். நான்தான் என்றால் குட்டை போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை அக்காவிடம் காலண்டர் தாளையும் பேனாவையும் கொடுத்து, அந்தக் கையெழுத்தைப் போட்டுக் காட்டச் சொன்னேன், அதைப் பார்த்து நானும் போட்டுப் பழகினேன்.

"வால அவ்வளவு கீழ இழுக்காத" என்றாள். "கையத் தூக்காம போடு. இது ஒங்கையெழுத்து மாதிரியே இல்லடா."

பன்னிரண்டு தாள் தீர்ந்தது.

கூட்டம் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில், பதினொரு மணிக்கு. நல்ல வெயில். அறுபது பேர் இருக்கலாம். கடைசித் தெருப் பெண்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். அக்கா வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். எங்கள் ஊரில் தீர்மானத்தைச் செயலாளர் ஒரே மூச்சில் படிப்பார், கை தட்டுவார்கள், அதோடு நிறைவேறியது. அவர் முதலில் வருகைப் பட்டியலைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் "இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். செத்துப்போய், போன வாரம் நான் யாருடைய காரியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேனோ அவர் பெயர் வந்தது. அதற்கும் "இருக்காங்க" என்று ஒரு குரல் கேட்டது. யாரும் திரும்பவில்லை. அடுத்தது என் பெயர். நான் வாய் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள், இருக்காங்க என்று. திரும்பினேன். பின்னால் பள்ளிக்கூடத்துச் சுவர்தான் இருந்தது.

நான் உட்காராமல் நின்றேன். "தலைவரே, போன மே மாசத் தீர்மானத்த முழுசா படிக்கச் சொல்லுங்க."

"எதுக்குய்யா? நீ சொன்னதுதான அது?" என்றார் ஊராட்சித் தலைவர். சிரிப்பு எழுந்தது.

"படிக்கட்டுங்க."

செயலாளர் படித்தார். பயன்பாட்டில் இல்லை என்ற இடம் வந்ததும் பெண்கள் பக்கம் சலசலப்பு. "யாருடி சொன்னா? எங்க வீட்டு ஒலையில கொதிக்கிறது என்னா, சாராயமா?" என்று ஒருத்தி கத்தினாள்.

தலைவர் என்னைக் கை காட்டினார். "அவனக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். "இதே எடத்துல நின்னு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். குட்டையில கடைசித் தெரு மொத்தமும் தண்ணி எடுக்குது. நான் சொன்னத வாபஸ் வாங்குறேன். கையத் தூக்கச் சொல்லி எண்ணுங்க. எண்ணனத எழுதுங்க."

சொல்லும்போது, உண்மையாகவே ஒருமுறை அங்கே நின்று பேசியது போலத்தான் இருந்தது. காலுக்குக் கீழே தரை குளிர்ச்சியாக, சொதசொதவென்று இருந்தது. குனிந்து பார்த்தேன், வெறும் புழுதி.

"அன்னிக்கும் இப்புடித்தான் கையக் கட்டிக்கிட்டு நின்னான்" என்று டீக்கடை மச்சான் பக்கத்தில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

கைகள் உயர்ந்தன. பெண்கள் பக்கம் முழுக்க, ஆண்கள் பக்கம் முக்கால்வாசி. செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். நான் அவர் கூடவே எண்ணினேன். என் கணக்கில் ஒன்று குறைந்தது. மூன்றாம் தடவை எண்ணச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதுய்யா, கூடத்துக்கு வேற எடம் பாப்போம்" என்றார்.

நோட்டு என்னிடம் வந்தது. கையைத் தூக்காமல் போட்டேன். கோடு, இரண்டு புள்ளி. செயலாளர் பழைய பக்கத்தைப் புரட்டி இரண்டையும் பார்த்தார். "சரியா இருக்குது" என்றார்.

அன்று மத்தியானமே பெண்கள் சிவப்புத் துணிக் குச்சிகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் பையோடு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு மேஸ்திரி கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டிருந்தார்.

"மே ஒண்ணாந்தேதி வந்துடுவ இல்ல மச்சான்?" என்றான் டீக்கடைக்காரன்.

"பாக்கலாம். வேல இருந்தா வர முடியாது."

"பரவால்ல. நீ வரலன்னாலும் இருப்ப."

சாதாரணமாகத்தான் சொன்னான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

நான் சிதம்பரத்திலேயே இறங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெஸ்ஸில் இலை எடுத்து மேசை துடைக்கிற வேலை. கோயம்புத்தூர்க் கூலியில் பாதிதான். கிராம சபை நாளில் லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிக்கிறார், அப்படியும் ஊருக்குப் போய்விடுகிறேன். பத்து மணிக்கே புங்கமரத்தடிக்குப் போய், செயலாளர் நோட்டை விரித்ததும் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். கூட்டம் முடிகிற வரைக்கும் என் பெயரில் வேறு யாரும் பேசிவிடாதபடி நின்றுகொண்டே இருக்கிறேன்.