மாமா கொண்டுவந்த கறுத்த கல்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். சாமி விஷயத்தில் விளையாடுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முருகன் அறிவான், என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் காது குத்திய அன்று, மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமா, ஓட்டிவந்த லாரி பழுதாகி நேரத்துக்கு வரவில்லை. அப்பா என்னைச் சித்தப்பா மடியில் உட்காரவைத்துவிட்டார். அன்றோடு மாமா எங்கள் மலையூர் பள்ளங்கிப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். அம்மா கிருத்திகை தவறாமல் விரதம் இருந்து கேட்டது ஒன்றுதான்: தம்பி நம் வாசலை மிதிக்க வேண்டும்.

நான் நாலாவது படிக்கும்போது, தை மாதத்தில் வந்தார். நாசிக் பக்கமிருந்து வெங்காய லோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, துண்டில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு நின்றார். அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூச்சம். கன்னங்கரேலென்ற கல், உடம்பெல்லாம் ஆப்பம் போலக் குழி, குழிக்குள் வெள்ளை.

"பாத்தியாக்கா, அங்கிட்டும் உன் முருகன் திருநீறு பூசித்தான் அனுப்புறான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா கல்லைக் கண்ணில் ஒற்றி, வேலுக்கு முன்னால் வைத்துச் சூடமே காட்டிவிட்டாள். மாமாவின் முகம் செத்துப்போயிற்று. என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனார்.

"தாயி, அது எரிமலைக் குழம்பு ஆறுன கல்லு. அங்க ரோட்டுக்கே அதத்தான் ஒடைச்சுப் போடுறாங்க. காத்துக் குமிழி இருந்த ஓட்டையில தண்ணி ஊறி ஊறி வெள்ளையா ஒறைஞ்சு கெடக்கு. அம்மாட்ட சொல்லிறாத."

நான் நம்பவில்லை. கல்லை மெல்ல எடுத்துவந்து, வாசலில் கிடந்த உடைகல்லோடு வைத்துப் பார்த்தேன். நம் மலைக் கல் உடைந்த இடத்தில் மணிமணியாக மின்னியது. இது மின்னவில்லை. மையாய் அரைத்து உருட்டியதுபோல் இருந்தது. மாமா சொன்னது நிஜம்தான்.

மதியம் தோட்டத்திலிருந்து வந்த அப்பா, அம்மா சொன்னதைக் கேட்டுக் கல்லை எடுத்து வெள்ளையை நகத்தால் சுரண்டினார். துளி உதிரவில்லை.

"இது திருநீறாக்கும்? எங்களைக் கேலி பண்ணவா இம்புட்டுத் தூரம் வந்தது?"

மாமா பையை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கேலி இல்லப்பா, அது எரிமலைக் கல்லு! மாமாவுக்குப் பயம், அதான் சொல்லல!"

அம்மா நிமிரவேயில்லை. "எரியிற மலையும் அவன் மலைதான. எலை போட்டாச்சு, ரெண்டு பேரும் உக்காருங்க."

அப்பா கல்லைத் திரும்ப வேலுக்கு முன்னால் வைத்தார். பிறகு, "பைய வைங்க மாப்ள, சோறு ஆறுது" என்றார்.

ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ரசம் ஊற்றும்போது அம்மா அழுதாள். கல் வெறும் கல்லாகிப் போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து, "அழாதம்மா, நான் வேற கல்லு தேடித் தாரேன்" என்றேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கல்லில் திருநீறு விளைந்தது என்று கூட்டியும் சொல்ல வேண்டாம், சாமி ஒன்றும் செய்யவில்லை என்று குறைத்தும் சொல்ல வேண்டாம்.