மேடையில் உடைத்த காய்

இன்று மரக்காணம் பக்கத்து ரிசார்ட்டில் சமோவாத் தீவுக்காரர் ஒருவர் தேங்காய் வித்தை காட்டினார். நட்டுவைத்த குச்சியில் மட்டை உரித்து, நாரிலேயே பால் பிழிந்து, தன் ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அடுத்த காயை உடைக்க, அங்கே வேலை பார்க்கும் குப்பத்துச் சேகரை மேடைக்கு அழைத்தார்.

சேகர் வீட்டுப் பழக்கத்தில், கடலுக்குப் போயிருக்கும் தம்பியின் படகுப் பெயரைச் சொல்லி உடைத்துவிட்டார்.

உள்ளே அழுகல்.

சமோவாக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆடினார். எல்லோரும் கைதட்டினோம்.

சேகர் போனோடு ஓரமாக நின்றார். "தம்பிக்கு லைனே போவ மாட்டேங்குதுங்க."

"கடல்ல டவர் இருக்காதுப்பா" என்றேன்.

"நேத்து இந்நேரம் அங்கேருந்துதான் பேசினான்ங்க."

வெறும் தேங்காய்தான் என்று அவரிடம் அடித்துச் சொன்னேன்.

அதையே யாராவது எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்.